புன்செய்க் காட்டு மோச்சி

இட்லிக் குண்டாவின் மூடியைத் தூக்கியதும் மணம்தான் முதலில் வந்து சேரும். வெந்த சக்கரவள்ளிக் கிழங்கின் மணத்தில் பாதி வெல்லப்பாகு, பாதி மழை பட்ட மண். தோல் வெடித்த இடத்தில் விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை. கிழங்கு தன்னைத்தானே இனிப்பாக்கிக்கொண்டிருக்கிறது.

அன்னூரிலிருந்து ஓதிமலைக்குப் போகும் சாலையில் ஒரு தோட்டத்து வீட்டை மனதில் நிறுத்திக்கொள்வோம். கோவையில் கல்லூரி படிக்கும் பேத்தி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். கையில் ஒரு பொட்டலம் மரவள்ளி மாவு. அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறார் அம்மிச்சி.

"என்ன பண்டம் அம்மிணி இது?"

"மோச்சிங்க அம்மிச்சி. ஜப்பான்காரங்க செய்யறது. இழுத்தா இழுபடும், மெத்துனு இருக்கும்."

"கொழுக்கட்டைதானே?"

"கொழுக்கட்டை சாயந்தரத்துக்குள்ள வெறைச்சுப் போயிருதுங்களே. இது அப்படி ஆகாதுங்க."

அம்மிச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. வராததில் நியாயம் இருக்கிறது. அறுபது வருடமாகக் கொழுக்கட்டை பிடித்த கை அது. அரிசி மாவு ஆறினால் என்ன ஆகும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். காலையில் பூப்போல இருந்தது மாலையில் ஓரம் வெடிக்கும். மறுநாள் சுண்டினால் சத்தம் வரும். ஈரம் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மூடி வைத்த கொழுக்கட்டையில் ஈரம் அங்கேயேதான் இருக்கிறது. உள்ளே மாறியது வேறு. அந்த மாற்றம் புரிந்தால் மோச்சி புரிந்துவிடும். அதை அன்னூரில் எந்தக் கிழங்கை, எந்த மாவைக் கொண்டு செய்வது என்பதும் கூடவே புரிந்துவிடும்.

அடிப்படையில் மோச்சி என்பது இடித்த சோறு. ஒட்டும் தன்மையுள்ள ஒரு தனி அரிசியை ஊற வைத்து, ஆவியில் வேக வைத்து, 'ஊசு' என்ற உரலில் கொட்டி, 'கினே' என்ற மரச் சம்மட்டியால் இடிப்பார்கள். ஒருவர் இடிக்க, இன்னொருவர் இரண்டு அடிகளுக்கு நடுவே ஈரக் கையை விட்டு மாவைத் திருப்பிப் போடுவார். தாளம் தப்பினால் கை நசுங்கும். கம்பு இடித்த தலைமுறைக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஒரே உரலுக்கு எதிரெதிரே இரண்டு பெண்கள் நின்று உலக்கையை மாற்றி மாற்றிப் போட்டார்கள். அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் வள்ளைப்பாட்டு வளர்ந்தது. நம் பெண்கள் கம்பை இடித்தது தவிடு போக. ஜப்பானில் சோற்றை இடிப்பது பருக்கை என்ற அடையாளமே போக. இடித்து முடிக்கையில் உரலுக்குள் தனிப் பருக்கை எதுவும் மிஞ்சாது. பிடித்து இழுத்தால் முழம் நீளத்துக்கு இழுபடும் ஒரே உருண்டையாகிவிடும்.

பொன்னிச் சோற்றை எவ்வளவு இடித்தாலும் அப்படி இழுபடாது. வித்தியாசம் உலக்கையில் இல்லை, மாவுச்சத்தில் இருக்கிறது.

மாவுச்சத்து என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. இரண்டுமே குளுக்கோஸ் மூலக்கூறுகளைக் கோத்தவைதான். அமைலோஸ் என்பது பெரும்பாலும் கிளையில்லாத நேர்ச்சங்கிலி. அமைலோபெக்டின் என்பது இருபது, இருபத்தைந்து குளுக்கோஸுக்கு ஒரு கிளை விட்டு, கிளைக்கும் கிளை விட்டுப் படரும் பெரிய புதர். தென்னை ஈர்க்கையும் கிளுவை முள்ளையும் நினைத்துப் பார்த்தால் போதும். ஈர்க்குகளை வாரி ஒன்றாக்கினால் அழகாக அடுங்கி, கட்டினால் விளக்குமாறாகிவிடும். கிளுவை முள்ளை எப்படிப் போட்டாலும் அடங்காது. ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு படலாக நிற்கும், இழுத்தால் எல்லாம் சேர்ந்து வரும். வெந்த மாவில் தண்ணீரோடு மிதக்கும் அமைலோஸ் ஆறியதும் ஈர்க்குபோல அடுங்கிக் கெட்டிப்படுகிறது. அமைலோபெக்டின் முள்படலாகச் சிக்கி, இழுவை தருகிறது.

நாம் தினம் சமைக்கும் அரிசிகளில் பெரும்பாலானவற்றில் மாவுச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அமைலோஸ். இட்லி அரிசியில் இன்னும் அதிகம். இட்லி இட்லியாக நிற்பது அதனால்தான். மோச்சி அரிசியில் அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லை. நெல்லில் அமைலோஸைக் கட்டும் நொதி ஒரே ஒரு மரபணுவின் வேலை. அந்த மரபணு பழுதானால் பயிருக்கு ஒன்றும் ஆவதில்லை, சோறு மட்டும் ஒட்டுச் சோறாகிவிடுகிறது. கென்னத் ஓல்சன், மைக்கேல் புருகனன் ஆகியோர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு, ஆசியா முழுக்க உள்ள ஒட்டரிசிகளின் இந்தப் பழுது தென்கிழக்கு ஆசியாவில் ஒரே இடத்தில் தோன்றியிருக்க வேண்டும் என்று காட்டியது. எங்கோ ஒரு வயலில் எவரோ ஒருவர் அந்த விசித்திர நெல்லை வீசி எறியாமல் விதைக்கு எடுத்து வைத்திருக்கிறார். அசாமின் போரா அரிசியும் இந்த ஒட்டரிசி வகைதான். நம் செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியில் தேங்காய்ப்பூவோடு வரும் கவுனி அரிசியின் ஒட்டுக்கும் காரணம் இதே அமைலோஸ் குறைவுதான். பர்மாவுக்கு வணிகம் போன நகரத்தார் வழியாக வந்தது கவுனி என்பார்கள்.

பள்ளி ஆய்வகத்து அயோடின் கரைசல் ஒரு சொட்டு கிடைத்தால் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பொன்னிச் சோற்றில் விட்டால் கருநீலம். அமைலோஸ் சங்கிலி சுருள்வில்போல வளைந்து அயோடினை உள்ளே பிடித்துக்கொள்வதால் வரும் நிறம் அது. ஒட்டரிசிச் சோற்றில் விட்டால் நீலம் வராது. காவி கலந்த செம்பழுப்புதான் வரும்.

அன்னூர்ச் சந்தையில் ஒட்டரிசி கிடைக்காது. இங்கிருந்துதான் கிழங்கின் கதை தொடங்குகிறது. அது ஜப்பானிலும் இப்படியேதான் தொடங்கியது.

ஜப்பானின் தெற்கே உள்ள ககோஷிமா எரிமலை மண். ஏறத்தாழ முப்பதாயிரம் வருடங்களுக்கு முன்னால் வெடித்த ஒரு பெரிய எரிமலை கக்கிய சாம்பலும் நுரைக்கல்லும் படிந்து மேடாகி, அந்த மாகாணத்தின் பாதிக்கு மேல் மூடிக் கிடக்கிறது. 'ஷிராசு' என்று பெயர். மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது, நேரே கீழே இறங்கிவிடும். நெல்லுக்கு ஆகாத மண். சக்கரவள்ளிக்கோ அதுதான் சொர்க்கம். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த இந்தக் கிழங்கு சீனா போய், 1605-ல் நொகுனி சோகன் என்பவர் கையில் ரியூக்யூ தீவுகளுக்கு வந்தது. 1698-ல் தனேகஷிமா தீவில் நட்டார்கள். 1705-ல் மாயேதா ரியேமோன் என்ற கடலோடி ககோஷிமாவுக்குக் கொண்டுவந்தார். 1732-ல் மேற்கு ஜப்பானில் பெரும் பஞ்சம் வந்தபோது கிழங்கு நட்ட ஊர்கள் தாக்குப்பிடித்தன. அதைப் பார்த்து அயோகி கோன்யோ என்ற அறிஞர் 1735-ல் இன்றைய டோக்கியோவான எதோவில் சோதனைக்குப் பயிரிட்டார். சத்சுமா என்பது ககோஷிமாவின் பழைய பெயர். அதனால் மற்ற ஜப்பானியர்களுக்கு இது 'சத்சுமா இமோ', சத்சுமாக் கிழங்கு. ககோஷிமாக்காரர்களுக்கு மட்டும் 'காராஇமோ', சீனத்துக் கிழங்கு. எங்கிருந்து வந்ததோ அந்த ஊர்ப் பெயர் கிழங்கோடு ஒட்டிக்கொள்கிறது.

நம் ஆட்கள் வேறு வழியில் பெயர் வைத்தார்கள். வள்ளி என்றால் கொடி. காட்டில் தானாக விளைந்த வள்ளிக்கிழங்கு தமிழ் மண்ணுக்குப் பழையது. கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தைக்கு வள்ளி என்று பெயர் வைத்த கதை ஓதிமலை ஆண்டவரைக் கும்பிடும் எவருக்கும் தெரியும். போர்ச்சுக்கீசியர் வழியே புதிய கிழங்குகள் வந்து இறங்கியபோது, தித்திப்பது சர்க்கரைவள்ளி, மரம்போல நிற்பது மரவள்ளி என்று பழைய பெயரிலேயே இடம் கொடுத்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு கிழங்குகளும் முருகன் வீட்டு உறவாகிவிட்டன. சர்க்கரைவள்ளி தாவரவியலில் மரவள்ளிக்கும் உறவில்லை, காட்டு வள்ளிக்கும் உறவில்லை. அதன் சொந்தங்கள் வள்ளைக் கீரையும், கடற்கரை அடம்பும், குளத்தோரத்தில் ஊதாப் பூவோடு மண்டும் நெய்வேலிக் காட்டாமணக்கும்.

நெல் அரிதான ககோஷிமா, மியாசாகி ஊர்களில் மோச்சிக்கு இருந்த கொஞ்ச அரிசியை நீட்டிக்க, வெந்த கிழங்கைச் சேர்த்துப் பிசைந்தார்கள். அதற்கு 'நெரிகுரி', 'காராஇமோ மோச்சி' என்று இடத்துக்கு ஒரு பெயர். மேலே வறுத்த சோயா மாவு தூவித் தின்பார்கள். வடகோடியில் குளிர் ஹொக்கைடோவில் குடியேறியவர்களுக்கு அரிசி அரிது, உருளைக்கிழங்கு ஏராளம். அவர்கள் அரிசியை அடியோடு விட்டுவிட்டு, மசித்த உருளைக்கிழங்கில் உருளைக்கிழங்கு மாவையே சேர்த்துத் தட்டிச் சுட்டார்கள். அது 'இமோமோச்சி', கிழங்கு மோச்சி. இன்று உலகெங்கும் வீட்டில் செய்யும் சக்கரவள்ளி மோச்சி இந்த இரண்டும் கலந்த பிள்ளை.

ஆக, கிழங்கு மோச்சி செழிப்பான வயல்காட்டுப் பண்டம் அல்ல. தண்ணீர் நிற்காத மண்ணிலும் நெல் வராத குளிரிலும் வாழ்ந்தவர்கள், நோம்பிக்கு மோச்சி இல்லாமல் இருக்க மனமில்லாமல் கண்டுபிடித்தது. அன்னூருக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. பவானி வடக்கே, நொய்யல் தெற்கே. இரண்டுக்கும் நடுவில் மேட்டில் நிற்கும் ஊர் இது. பவானியின் உபரி நீர் குழாய் வழியே இந்தப் பகுதிக் குளங்களுக்கு வரத் தொடங்கியது 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில்தான். அதற்கு முன் தலைமுறை தலைமுறையாகக் கிணறும் வானமும்தான் கதி. தினப்படிக்குச் சோளச்சோறு, கம்பஞ்சோறு, ராகிக்களி, நெல்லுச்சோறு நோம்பிக்கு. களியைத் துடுப்பால் கிண்டிக் கிண்டி, கட்டி இல்லாமல், பாத்திரத்தில் ஒட்டாத பதத்துக்குக் கொண்டுவரும் கைக்கு மோச்சி மாவு கிண்டுவது பெரிய வேலையே இல்லை.

இதில் சொல்லாமல் விட மனம் வராத ஒரு தற்செயல் இருக்கிறது. 1698-ல் கிழங்கு நட்ட அதே தனேகஷிமா தீவில் விளையும் ஒரு ரகம், பிசுபிசுப்புக்கும் தேன்போன்ற இனிப்புக்கும் ஜப்பான் முழுக்கப் பெயர் பெற்றது. அது விளையும் பகுதியின் பெயரால் அதை 'அன்னோ இமோ' என்கிறார்கள். அன்னோக் கிழங்கு!

கிழங்கு மட்டும் மோச்சியாகாது. மசித்த சக்கரவள்ளியில் நார் உண்டு, சர்க்கரை உண்டு, செல் சுவர்களின் துணுக்குகள் உண்டு. மாவுச்சத்து இவற்றின் நடுவே சிதறிக் கிடக்கும். கூடவே அதிக அமைலோபெக்டின் உள்ள ஒரு வெள்ளை மாவு வேண்டும். அதற்கு ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை, சேலம் போதும். இரண்டாம் உலகப்போரில் கீழை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றிருந்த காலத்தில், 1943-ல், சேலத்து மாணிக்கம் செட்டியார் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கத் தொடங்கினார். அன்றைக்கு அது கைத்தொழில். 1981-ல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமாகச் சேகோசர்வ் பிறந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மரவள்ளி மாவில் அமைலோஸ் ஏறத்தாழ 17 சதவீதம்தான். வெந்தால் கண்ணாடிபோலத் தெளியும், நன்றாக இழுபடும்.

மாவு வாங்குகையில் கவனம் வேண்டும். கடையில் "வெள்ளை மாவுதானே" என்று கான்ஃபிளவரைக் கொடுத்துவிடுவார்கள். சோள மாவுச்சத்தில் அமைலோஸ் கால் பங்குக்கு மேல் போகும். ஆறினால் புட்டிங்போல உறைந்து, கடித்தால் உடையும், இழுபடாது. வீட்டில் இருக்கும் ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடித்துக்கொள்ளலாமா என்றால், கொள்ளலாம், ஆனால் அது வேறு பொருள். ஜவ்வரிசி தயாராகும்போதே ஈர மாவு மணிகள் சூட்டில் பாதி வெந்துவிடுகின்றன. அதனால் அந்தப் பொடி பச்சைத் தண்ணீரையே குடித்து ஊதும். தண்ணீர் கூடுதலாகக் கேட்கும், மாவும் கொஞ்சம் சொரசொரப்பாகத்தான் வரும்.

இனிக் கிழங்கை வேக வைக்கும் இடத்துக்கு வருவோம். இந்த அத்தியாயத்தில் அறிவியல் அடர்த்தியாகக் கிடப்பது அடுப்பின் மேல் இருக்கும் அந்தக் குண்டாவுக்குள்தான்.

சக்கரவள்ளிக்குள் பீட்டா அமைலேஸ் என்ற நொதி ஏராளமாக இருக்கிறது. மாவுச்சத்துச் சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டு இரண்டு குளுக்கோஸாகக் கத்தரித்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக்குவது அதன் வேலை. பச்சைக் கிழங்கில் மாவுச்சத்து மணிகளாக இறுகிக் கிடப்பதால் நொதியின் கத்தரி ஏறாது. சூடு 65 டிகிரியை எட்டும் சமயத்தில் மணிகள் தண்ணீர் குடித்து ஊதி, சங்கிலிகள் தளரும். அப்போதுதான் கத்தரிக்கு வேலை கிடைக்கும். ஆனால் 80 டிகிரியை நெருங்கினால் நொதியே வெந்து செத்துப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிழங்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு இனிப்பு. ஜப்பானில் சூடான கூழாங்கற்களுக்கு நடுவே மணிக்கணக்கில் சுட்டு விற்கும் கிழங்கு பாகாக உருகுவதும், நம் ஊரில் சாம்பலுக்குள் புதைத்துச் சுட்ட கிழங்கு அவித்ததைவிடத் தித்திப்பதும் இதனால்தான். மைக்ரோவேவ் அடுப்பு அந்த இடைவெளியைச் சில நிமிடங்களில் தாண்டிவிடும். கிழங்கு வெந்திருக்கும், இனித்திருக்காது.

ஆகவே முழுக் கிழங்கு, தோலோடு, இட்லிக் குண்டாவில், சிறு தீயில். நடுத்தரக் கிழங்குக்கு முக்கால் மணி நேரம் ஆகும். துண்டு போட்டால் சீக்கிரம் வெந்துவிடும். சீக்கிரம் என்பதுதான் இங்கே கெடுதல்.

இந்த நொதிக்கு இன்னொரு முகமும் உண்டு. நேரம் மிச்சம் என்று பச்சைக் கிழங்கைத் துருவி, அரைத்து, மரவள்ளி மாவோடு கலந்து மெதுவாகக் கிண்டினால், கிழங்கின் நொதி பக்கத்தில் இருக்கும் மரவள்ளி மாவையும் கத்தரிக்கத் தொடங்கிவிடும். கெட்டியாக வேண்டிய மாவு கிண்டக் கிண்ட இளகும். எவ்வளவு மாவு சேர்த்தாலும் பதம் வராமல் திண்டாட வேண்டியதுதான். கிழங்கை உள்வரை முழுதாக வேக வைத்து, நொதியை அடக்கிவிட்டுத்தான் மாவைச் சேர்க்க வேண்டும். ஆனால் அதே கத்தரியை அளவாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் தொழிற்சாலை மோச்சியில் பீட்டா அமைலேஸைச் சிறிதளவு சேர்ப்பார்கள். அது அமைலோபெக்டின் புதரின் வெளிக்கிளைகளை மட்டும் நுனி கத்தரித்துவிடும். நுனி குட்டையானால் கிளைகள் ஒன்றோடொன்று அடுங்காது, மோச்சி நாள்கணக்கில் மெத்தென்று இருக்கும்.

பேத்தி கிழங்கைச் சுடச்சுடத் தோல் உரிக்கிறாள். விரல் நுனி சிவக்கிறது. அம்மிச்சி கிண்ணத்தில் தண்ணீர் நகர்த்தி வைக்கிறார். உரித்த கிழங்கை மாவுச் சல்லடையில் வைத்துக் கரண்டியால் தேய்த்து இறக்கினால் நார் மேலே தங்கிவிடும். மசியல் 300 கிராம் என்றால் மரவள்ளி மாவு 100 கிராம், நாட்டுச்சர்க்கரை இரண்டு மூன்று கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. மசியல் சூடாக இருக்கும்போதே மாவு விழ வேண்டும். கொழுக்கட்டைக்குக் கொதிநீர் ஊற்றிப் பிசைகிற அதே காரணம்தான்: சூட்டில் கொஞ்சம் மாவு அங்கேயே வெந்து பசையாகி, மீதி மாவைப் பிடித்துக்கொள்ளும். ஆறிய மசியலில் பிசைந்தால் உருட்டும்போதே விரிசல் விடும்.

தண்ணீர் எவ்வளவு என்பதற்குக் கணக்கு சொல்ல முடியாது, கிழங்கைக் கேட்க வேண்டும். நம் சந்தையில் அதிகம் வருவது சிவப்புத் தோல், வெள்ளைச் சதை; வெந்தால் மாவாக உதிரும், ஈரம் குறைவு. அதற்கு நான்கைந்து கரண்டித் தேங்காய்ப்பால் வேண்டும். ஆரஞ்சுச் சதை ரகங்கள் ஈரமானவை. அவற்றுக்கு ஒரு சொட்டும் வேண்டாமல் போகலாம். பிசைந்த மாவு காது மடலைத் தொட்டதுபோல இருக்க வேண்டும் என்பது ஜப்பானிய வீடுகளில் சொல்லும் அளவுகோல். பேத்தி அதைச் சொன்னதும் அம்மிச்சி இடது கையால் தோடு போட்ட காதைத் தொட்டு, வலது கையால் மாவைத் தொட்டுப் பார்க்கிறார்.

"இன்னும் ஒரு கரண்டி பால் ஊத்து."

அவர் சொன்னது சரி. ஊற்றியதும் விரிசல் நின்றுவிட்டது.

உள்ளே வைக்க ஜப்பானியர்கள் அசுகி என்ற சிவப்புப் பயறை வேக வைத்துச் சர்க்கரை சேர்த்துக் கிளறுவார்கள். அசுகி, பச்சைப்பயறு, தட்டைப்பயறு மூன்றும் ஒரே பேரினம். பச்சைப்பயறு பூரணம் அந்த இடத்தில் கச்சிதமாக உட்காரும். சர்க்கரைக்கு, பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை. நெல்லிக்காய் அளவு பூரணத்தை வைத்து மூடி, தட்டையாக்கி, நல்லெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் சிறு தீயில் மூடி போட்டுப் பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம் வைத்தால் போதும். பூரணம் இல்லாமல் சிறு உருண்டையாக்கிக் கொதிநீரிலும் போடலாம். மிதந்து வந்த பிறகு இரண்டு நிமிடம் விட்டு எடுக்க வேண்டும். வெந்ததை அறியக் கடிகாரம் தேவையில்லை. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்த மாவு, மணிகள் ஊதி ஒளியை விடத் தொடங்கியதும் தேன்மெழுகுபோல மங்கலாகத் துலங்கும். மேலே தூவ வறுத்த சோயா மாவுக்குப் பதில் பொட்டுக்கடலை மாவு.

இதில் பால் இல்லை, நெய் இல்லை, முட்டை இல்லை, தேனும் இல்லை. நனிசைவக்காரர்களுக்கு எதையும் மாற்றாமல் அப்படியே பரிமாறலாம். கடை மோச்சிகளில் இப்போது பாலாடையும் ஐஸ்கிரீமும் நுழைந்துவிட்டன. பழைய மோச்சி அரிசியும் பயறும் சர்க்கரையுமாகத்தான் இருந்தது. நெய் இல்லை என்பதற்காகக் கொழுப்பே வேண்டாம் என்றில்லை. அது நாக்குக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் வேண்டியிருக்கிறது. ஆரஞ்சுக் கிழங்கின் நிறம் பீட்டா கரோட்டின். உடம்பு அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும், ஆனால் கூடக் கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் நன்றாக உறிஞ்சும். தேங்காய்ப்பால் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஆப்பிரிக்காவில் ஆரஞ்சுச் சக்கரவள்ளியைப் பரப்பிக் குழந்தைகளின் பார்வையைக் காத்த பணிக்காக மரியா ஆந்திராதே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோருக்கு, ஹோவர்த் பூயிஸோடு சேர்த்து, 2016-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். திருவனந்தபுரத்து மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் நமக்கும் 'பூ சோனா' என்ற ஆரஞ்சு ரகத்தையும், 'பூ கிருஷ்ணா' என்ற ஊதா ரகத்தையும் தந்திருக்கிறது. ஊதாக் கிழங்கு கிடைத்தால் மசியலில் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டுப் பார்க்க வேண்டும். ஊதா பளீரென்று இளஞ்சிவப்பாகும். சோடா உப்பு பட்டால் நீலமும் பச்சையுமாக மாறும். சங்குப்பூச் சாயத்தில் இருக்கும் அதே ஆந்தோசயனின் குடும்பம்.

கிழங்கு வாங்கும்போது கூன்வண்டு துளைத்ததை ஒதுக்கிவிட வேண்டும். வண்டு குடைந்தால் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள இபோமியாமரோன் போன்ற கசப்புப் பொருள்களைச் சுரக்கும். வேக வைத்தாலும் அந்தக் கசப்பு போகாது. அழுகிய கிழங்கைத் தின்ற மாடுகளுக்கு நுரையீரல் நோவு வருவதும் இந்தக் குடும்பத்து நச்சுகளால்தான். ஆகவே "மாட்டுக்குப் போட்டுரலாம்" என்பதும் வேண்டாம்.

அதைவிட முக்கியமான ஓர் எச்சரிக்கை வயதானவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும். இழுபடும் பண்டம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஜப்பானில் புத்தாண்டுக்கு மோச்சி தின்று மூச்சடைத்து முதியவர்கள் இறப்பது வருடந்தோறும் நடக்கிறது. டோக்கியோ தீயணைப்புத் துறை ஒவ்வொரு வருடமும் முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கிறது. கிழங்கு மோச்சி அரிசி மோச்சி அளவுக்கு ஒட்டாது. ஆனாலும் பேத்தி அம்மிச்சிக்குக் கொடுத்த மோச்சியைக் கத்தியால் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி, பக்கத்தில் தண்ணீர் வைத்துத்தான் கொடுத்தாள்.

அன்று மாலை சோதனை. காலையில் செய்த கொழுக்கட்டை ஒன்று, மோச்சி ஒன்று, இரண்டும் மூடிய டப்பாவில் வெளியே. மீதி மோச்சி எல்லாம் குளிர்சாதனப் பெட்டிக்குள். வெளியே இருந்த கொழுக்கட்டை வழக்கம்போல விறைத்திருந்தது. வெளியே இருந்த மோச்சி அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழுந்தது. ஈர்க்கு குறைவு, முள் அதிகம் என்பது ஒரு காரணம். கிழங்கிலேயே இருந்த மால்டோஸும் சேர்த்த நாட்டுச்சர்க்கரையும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தடுத்தது இன்னொரு காரணம். கடையில் நாள்கணக்கில் மெத்தென்று இருக்கும் மோச்சிகளில் சர்க்கரை நிறையச் சேர்ப்பதும் இனிப்புக்காக மட்டுமல்ல, இந்தக் காவலுக்காகவும்தான்.

குளிர்பெட்டியில் வைத்தது மறுநாள் காலை ரப்பர் கட்டிபோல இருந்தது. பேத்திக்கு முகம் வாடிவிட்டது. வெந்த மாவுச்சத்து மறுபடி அடுங்குவது மிக வேகமாக நடப்பது நான்கு டிகிரி அளவில். குளிர்பெட்டியின் உள்சூடு சரியாக அதுதான். தேங்காய்ப்பால் சேர்த்த பண்டத்தை வெயில் காலத்தில் இரவு முழுக்க வெளியே வைக்கவும் முடியாது. அதனால் கிழங்கு மோச்சி அன்றன்று செய்து அன்றன்று தின்ன வேண்டிய பண்டம். பச்சைக் கிழங்குக்கும் குளிர்பெட்டி ஆகாது. பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் நடுப்பகுதி எவ்வளவு வேக வைத்தாலும் வேகாமல் கல்லாக நிற்கும்.

"அதைத் தூக்கிப் போட்டுராதே, அம்மிணி. கல்லுல போடு."

"வெறைச்சுப் போச்சுங்களே அம்மிச்சி."

"பழைய கொழுக்கட்டையை ஆவி காட்டுனா எளகுதில்ல? அது மாதிரித்தான். போடு, செரியாப் போயிரும்."

ரொட்டி பழசாவது ஈரம் போவதால் அல்ல என்று 1852-ல் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் பூசங்கோ. காற்றுப் புகாத கலத்தில், ஒரு சொட்டு ஈரமும் இழக்காமலேயே ரொட்டி விறைத்தது. விறைத்த ரொட்டியை எழுபது டிகிரி அளவுக்குச் சூடாக்கினால், அதற்குள் கொஞ்சம் ஈரம் போயிருந்தாலும், மறுபடி இளகியது. ஆறும்போது அடுங்கிய அமைலோபெக்டின் கிளைகளைப் பிரிக்க அந்தச் சூடு போதும். அமைலோஸ் அடுங்கிவிட்டால் அது கொதிநிலைக்கு மேல் போனாலொழியப் பிரியாது. பழைய கொழுக்கட்டை ஆவியில் எவ்வளவு இளகினாலும் புதுக் கொழுக்கட்டையாகாமல் இருப்பது அதனால். மோச்சியில் அமைலோஸ் குறைவு, அதனால் அது ஏறத்தாழ முழுதாகவே மீண்டுவரும்.

கல்லில் எண்ணெய் தடவி, தீயைக் குறைத்து, மூடி போட்டு மூன்று நிமிடம். திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு. மூடியைத் தூக்கியபோது மோச்சி கொஞ்சம் ஊதி, ஓரம் பொன்னிறமாகி, கரண்டி பட்ட இடத்தில் அமுங்கியது. பேத்தி பிய்த்துப் பார்த்தாள். நூலாக இழுபட்டது.

"எத்தனை மிச்சம் கெடக்குது?"

"பன்னெண்டுங்க அம்மிச்சி."

"அத்தனையும் கல்லுல போடு. பக்கத்துச் சாளைக்கு நாலு எடுத்துட்டுப் போ. ஆறறதுக்குள்ள போயிரோணும்."

பொட்டுக்கடலை மாவுக் கிண்ணத்தைப் பேத்தி பக்கம் நகர்த்திவிட்டு, அம்மிச்சி தட்டு எடுக்க எழுந்தார்.